சொன்னதை எழுதுங்க

பார்வையற்ற மாணவன் தயாளனுக்காகப் பரீட்சை எழுத, தாம்பரம் சேவைச் சங்கம் நாகலக்ஷ்மியை அனுப்பியிருந்தது. முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர்.

"வேலூர்ப் புரட்சி நடந்த வருஷம் 1857. எழுதுங்க மேடம்" என்றான் தயாளன்.

1806 அல்லவா! நாகலக்ஷ்மிக்குக் கை பரபரத்தது. போன வருஷமே ஃபெயிலான பையன். ஆனால் அவன் சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பது விதி. மனசைக் கல்லாக்கிக்கொண்டு 1857 என்றே எழுதினார்.

"எழுதினதை வாசிங்க மேடம்."

"வேலூர்ப் புரட்சி... 1857" என்று வாசித்தார்.

"தேங்க்ஸ். அதை அடிச்சிட்டு 1806னு எழுதுங்க."

"தெரிஞ்சேவா தப்பாச் சொன்னே?"

"போன வருஷம் எழுத வந்தவர் ரொம்ப நல்லவர் மேடம். நான் சரியாச் சொன்ன பதிலையெல்லாம் இரக்கப்பட்டுத் திருத்திட்டார். அதான் உங்களுக்கு முதல்ல ஒரு டெஸ்ட் வெச்சேன். நீங்க பாஸ். அடுத்த கேள்வியைப் படிங்க."