விசிறியில் சிக்கிய பஞ்சு

மூன்று மணிக்கு பேச்சியம்மாவுக்கு வீடியோவில் வேலைக்கான நேர்காணல். லேப்டாப்போ பத்து நிமிடம் ஓடினால் கொதித்து அணைந்துவிடுகிறது. ரிப்பேர் கடை கஸ்தூரி அதைக் கவிழ்த்துக் கழற்றினாள். உள்ளே விசிறியை அடைத்துக்கொண்டு பஞ்சு. "ஒரு தலகாணியே தைக்கலாம் போலிருக்கே" என்று கொஞ்சம் பிய்த்தெடுத்துவிட்டு, ஊதித் தள்ளுகிற ப்ளோயரை எடுத்தாள். அவள் சொல்லுமுன்பே பேச்சியம்மா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. ப்ளோயர் இரைச்சலில் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "எந்த மில்லுடி?" நூல் மில் சத்தத்தில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்; கஸ்தூரியும் மில்லில் இருந்தவள்தான். துப்பட்டாவை இறக்கி பேச்சியம்மாவும் உதட்டாலேயே சொன்னாள். ஷிப்ட் முடிந்து வந்து, மில் ஹாஸ்டலில் அறையில் இருந்த எட்டுப் பேரும் ஒரே கட்டிலில் நெருக்கியடித்துப் படம் பார்த்த லேப்டாப் அது. ப்ளோயரை நிறுத்திய பிறகும் இருவரும் சத்தமில்லாமலேயே பேசினார்கள். தண்ணிச் சாம்பார், கதவைத் தட்டும் வார்டன், தூங்கிக்கொண்டே அறுந்த நூலை முடிச்சுப் போட்டவள்.

மூன்று மணிக்கு பேச்சியம்மா கடையிலேயே நேர்காணலுக்கு உட்கார்ந்தாள். லேப்டாப் சூடாகவில்லை. "பன்னிரண்டாவது முடித்து மூன்று வருடம் என்ன செய்தீர்கள்?" என்று திரையில் இருந்தவர் கேட்டார். வீட்டில் சும்மா இருந்ததாகச் சொல்லத்தான் மனப்பாடம் செய்திருந்தாள். திரைக்குப் பின்னால் அந்தப் பஞ்சை விரலில் உருட்டியபடி நின்ற கஸ்தூரி உதட்டை அசைத்தாள்.

"மில்லுன்னு சொல்லுடி."

பேச்சியம்மா மைக் பக்கம் குனிந்து தொண்டையைச் செருமினாள்.