பாலும் ஆகாது

கோதுமை ஆகாத சிலியாக் நோய் என்று தெரிந்ததும் அமலி கோதுமையை அடியோடு விட்டாள். போகப் போகக் குடல் ஆறிவிடும் என்றார் மருத்துவர். ஆனால் முட்டை ஒத்துக்கொள்ளாமல் போனது, பிறகு பருப்பும். அவள் பிறந்தநாளுக்குக் கணவன் ததேயு அரிசிப் பாயசம் வைத்தான். இரண்டு வாய் சாப்பிட்டவள், சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

"கோதுமை துளிகூடப் படலியே," என்றான் அவன், கதவுக்கு வெளியே நின்று.

"பாலுங்க. இனி அதுவும் ஆகாது போல."

வெளுத்துப்போய் வந்து உட்கார்ந்தவள் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தயங்கித்தான் சாப்பிட்டான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாவே இல்ல."

"பொய் சொல்லாதீங்க. ருசியையாவது சொல்லுங்க."

அவன் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டான். மெதுவாகச் சுவைத்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.