பதினெட்டு புள்ளி நாலு

கள்ளக்குறிச்சிக் கல்லூரி மேடையில் பேராசிரியர் ஜெயப்பிரகாஷ் பூரித்துப்போய் நின்றார்.

“புயல் வர்றதுக்கு முந்தின நாளே கம்ப்யூட்டருக்குள்ள அதே புயலை ஓட்டிப் பார்த்தோம். மேகத்தைக் கணக்குப் போட்டு, வெள்ளிமலையில 18.4 சென்டிமீட்டர் மழைன்னு சொல்லிச்சு. மழைமானியிலயும் அதே 18.4!”

கைதட்டல் அடங்கவில்லை. வெள்ளிமலையில் மழை அளந்து அவருக்கு அனுப்பும் செவ்வந்தியும் முதல் வரிசையிலிருந்து தட்டினாள்.

போன வருஷப் புயலில் அவள் அளந்தது பத்தொன்பது. கம்ப்யூட்டர் சொன்னது ஒன்பது. “மழை அளக்க வக்கில்லாத கழுதை!” என்று ஊர் கூடிய இடத்தில் அவளுடைய நோட்டைக் கிழித்து எறிந்தவர் இவர்தான். அந்தச் சூடு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று அவரே பொன்னாடை போர்த்தி, மைக்கை நீட்டினார்.

“ரெண்டு வார்த்தை பேசும்மா.”

செவ்வந்தி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஒரே ஒரு சந்தேகங்க சார். புயலுக்கு மூணு நாள் முன்னாடியே குரங்குங்க மழைமானிய ஒடச்சிப் போட்டுட்டுதுங்க. பதினெட்டு புள்ளி நாலுன்னு, புயல் போனப்புறம் நானா மனசுக்குத் தோணுனத எழுதி உங்களுக்கு அனுப்பிச்சேன். அது உங்க கம்ப்யூட்டருக்கு முந்தின நாளே எப்பிடிங்க தெரிஞ்சிது?”