ஜெயனியின் கல்லூரி அணி

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் தேநீர் குடிக்கிறார்கள். உயரத்தில் உள்ள சிறு ஜன்னல்களால் நவம்பர் வெளிச்சம் சாம்பல் நிறமாக இறங்கி, குவளைகளின் ஆவியில் தங்கி நிற்கிறது. அப்பா யோசெப்புக்குப் பக்கத்தில் ஜெயனி மடியில் பொரித்த ரோல்ஸ் தட்டோடு இருக்கிறாள். எதிரே அவளுடைய பெரியப்பாவின் மகன்மார் இருவரும் வாய்ச்சண்டை பிடிக்கிறார்கள். "லவால் யூனிவர்சிற்றி நேற்றும் ஃபுட்போல் கிண்ணம் தூக்கினது. நாலு வருசத்தில மூன்றாம் தரம்," என்று றெக்ஸ் மேசையில் தட்டுகிறான். "அமெரிக்காவில யூசிஎல்ஏ யூனிவர்சிற்றி கூடைப்பந்தில தொடர்ந்து ஏழு வருசம் கிண்ணம் எடுத்தது. அதுக்குப் பக்கத்தில நிக்குமே உன்ர லவால்?" என்கிறான் டினோஜன். "அது நீ பிறக்க முதல் நடந்த கதையடா," என்கிறான் றெக்ஸ். ஜெயனி ரோலின் மேல்தோலை நகத்தால் உரித்துக்கொண்டே இருக்கிறாள். பேச்சு ஒவ்வொரு கல்லூரியாக நகர்ந்து தன் கல்லூரியை நெருங்குவது அவளுக்குத் தெரிகிறது. செப்டெம்பரிலேயே அவள் அங்கே போவதை நிறுத்திவிட்டாள். காலையில் புத்தகப் பையோடு இறங்கி, மாலைவரை மெற்றோ ரயிலில் சுற்றுவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"ஜெயனி, உங்கட கொலிஜ் ஃபுட்போல் டீம் இந்த முறை என்ன மாதிரி?" என்று றெக்ஸ் கேட்கிறான். "நல்லா விளையாடினவை. கடைசி வரைக்கும் வந்தவை," என்கிறாள். டினோஜன் சிரிக்கிறான். "அந்த டீமைக் கோடையிலயே கலைச்சுப்போட்டினம். நீ அங்கதானே போறனீ?" யோசெப் குவளையை வைத்துவிட்டு அவனை முறைக்கிறார். "அவள் அங்க படிக்கப் போறவள். பந்தடி பாக்கவே?" பிறகு மகளின் பக்கம் திரும்பிக் குரலைத் தணிக்கிறார். "வாற கிழமை சோதினையெல்லே, பிள்ளை? வேலைக்கு லீவு சொல்லிப்போட்டன். கொலிஜ் வாசல் வரைக்கும் நானே கொண்டுவந்து விடுறன்." ஜெயனி தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள். "ஓம் அப்பா," என்கிறாள்.