எல்லாரும் வந்த மாலை

பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எஸ்தர் காலையிலேயே கொத்துக்கறி, ராஜ்மா, சோளம், சீஸ் எல்லாவற்றையும் மெக்சிகோ பாணியில் கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

"போன தடவை மாதிரி யாருமே வராம போயிட்டா?" என்று பயந்தது பாத்திரம்.

"இந்தத் தடவை வருவாங்க," என்றது ஃப்ரிட்ஜ்.

மதியம் எஸ்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சரிந்தாள். பிறகு எழவே இல்லை. மூடிய கதவுக்குள் இருந்த பாத்திரத்துக்கு அது தெரியாது.

மாலையில் வீடெங்கும் குரல்கள் கேட்டன.

"எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று பாத்திரம் ஆவலாகக் கேட்டது.

"வந்துட்டாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம."

"அப்புறம் ஏன் என்னை இன்னும் வெளியே எடுக்கல?"



"இன்னைக்கு இந்த வீட்டுல அடுப்பு பத்தவைக்க மாட்டாங்க," என்றது ஃப்ரிட்ஜ்.