வள்ளி வரும் நேரம்

வள்ளி இன்னும் வரவில்லை. சூர்யபிரகாஷ் காலையிலிருந்து அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். திருத்தணியில் வள்ளிக்காகக் காத்துக் கிடப்பது ஒன்றும் புதிதில்லை. ஆனால் மலைமேல் இருப்பவருக்காவது அவள் முகம் தெரியும்.

இவனுக்குத் தெரிந்ததெல்லாம் லேப்டாப் திரையில் ஒரு பச்சைப் புள்ளிதான். அவள் பாட ஆரம்பித்தால் எரியும், முடித்தால் அணையும்.

'துணைத்தாளம்' அவன் எழுதிய செயலி. தனியாக உட்கார்ந்து பாடுகிறவர் போனை எதிரில் வைத்துக்கொண்டு பாடினால் போதும், குரலின் போக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பம்பை அடிக்கும். அதற்காக ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் இடிபட்டு, பம்பைக்காரர்களின் ஒவ்வோர் அடியையும் பதிவு செய்துகொண்டு வந்தான். சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையையும் இதற்காகத்தான் விட்டான்.

அவன் வேலையை விட்ட அன்றே அப்பா கஜபதி அவனோடு பேச்சை விட்டார்.

செயலி தயாரானதும் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். அத்தை ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். அதன்பிறகு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை, வள்ளியைத் தவிர. அந்தப் பேர்கூட அவளுடையது இல்லை. பேர் போடாமல் வருகிறவர்களுக்குச் செயலியே ஒரு பேர் வைக்கும்படி இவன்தான் எழுதியிருந்தான். பேச ஆளில்லாமல் கிடப்பவனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்?

பாடியதைச் செயலி சேமித்து வைக்காது. ஆள் யார், ஊர் எது என்றும் கேட்காது. ஒரு வாரம் காலையில் வருவாள், மறு வாரம் மத்தியானத்துக்கு மாறிவிடுவாள். ஏதோ கம்பெனியில் ஷிப்ட் வேலை போலிருக்கிறது, பாவம் என்று இவனாக நினைத்துக்கொண்டான். தவறாமல் 'மெதுவாக' என்ற பொத்தானை அழுத்துவாள். அலட்டிக்கொள்ளாத பெண் என்று அதிலும் இவனுக்கு ஒரு சந்தோஷம்.

பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. சாயந்திரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வள்ளி வந்தால் இங்கேயே இருப்பது, வராவிட்டால் செயலியை மூடிவிட்டு ரயிலேறுவது என்று முடிவு செய்திருந்தான். அவள் வராமல் இருக்கமாட்டாள் என்ற தைரியம்தான்.

போன் அடித்தது. அம்மா பிரேமா. அக்காவின் பிரசவத்துக்காகப் புத்தூர் போயிருந்தாள்.

"நைனா சாப்ட்டாராடா?"

"கேக்கல."

"ஒரே வூட்ல இருந்துகினு ரெண்டு பேரும் இப்டி மொறச்சிகினு இருந்தா, நான் இங்க எப்டி நிம்மதியா இருப்பேன்?"

இவன் போனை வைத்தான். அப்பா சமைத்து மூடி வைப்பார், இவன் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பான். வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

வாசலில் பக்கத்து நிலத்துக் கோதண்டத்தின் குரல் கேட்டது. "கஜபதி, மோட்டார் டிரான்ஸ்பார்மர் பொகைஞ்சி போச்சி. இன்னிக்கி கரண்ட் வராது. கழனி பக்கம் போயி அலையாத."

"எப்ப மாத்துவாங்களாம்?"

"நாளைக்கின்னு சொல்றாங்க."

வாரத்துக்கு ஒரு நேரமாக விடுகிற கரண்டைப் பார்த்துத் தினமும் மோட்டார் கொட்டகைக்குப் போகிற அப்பா, அன்று வராண்டாக் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தார்.

மத்தியானம் போயிற்று. வெயில் இறங்கியது. புள்ளி எரியவில்லை. இருந்த ஒருத்தியும் இல்லை, உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று தன்னைத்தானே கேலி செய்து பார்த்தான். சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத ஒருத்திக்காக இன்னொரு தடவை திரையைப் பார்த்தான்.

'துணைத்தாளம் இன்றோடு நிற்கிறது. இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி' என்று தட்டி, இருந்த ஒரே ஆளுக்குச் செயலி வழியாகவே அனுப்பினான். கம்பெனிக்கு, வருகிறேன் என்று ஒரு வரி. பிறகு பையை எடுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தான்.

வெளியே கட்டில் கிறீச்சிட்டது. அறை வாசலில் அப்பா வந்து நின்றார்.

"வண்டிக்குப் போறியா?"

மாசக்கணக்கில் இவனிடம் பேசாத குரல். சூர்யபிரகாஷின் கை அப்படியே நின்றது.

"ஆங்."

"போயே ஆவணுமா?"

"இங்க எனக்கு யாரு இருக்காங்க நைனா? நான் செஞ்சத ஒரே ஒருத்தர் வெச்சிகினு இருந்தாங்க. அவங்களும் இன்னிக்கி வரல."

அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கி கரண்ட் வந்துடும்னு கோதண்டம் சொல்லிட்டுப் போனான்," என்றார் சம்பந்தமே இல்லாமல்.

இவன் தலையை ஆட்டிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தான்.

அப்பா நகரவில்லை. மடியிலிருந்து போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையை ஒருமுறை படித்தார். பிறகு, கோர்ட்டில் ஒப்புக்கொள்கிறவர் மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நிறுத்தாதடா, அந்தப் பம்பைய மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லு, பாடி முடிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது."