வாய்: மூடியுள்ளது

ஆண் மீன் இருபத்தைந்து நாளாகச் சாப்பிடவில்லை.

சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்க மறுக்கும் குழந்தை போல, தாடை புடைக்கத் தொட்டியின் மூலையில் நின்றது. வெள்ளி உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை. பெண் இட்ட முட்டைகளை அதுதான் வாயில் வாங்கிக்கொண்டது. பொரிந்து வந்த குஞ்சுகளும் இப்போது அந்த வாய்க்குள்தான் இருக்க வேண்டும். இந்தக் கடல் மீன் இனத்தில் சுமப்பது தகப்பன்.

கவின் தொட்டித் தண்ணீரில் உப்பின் அளவைப் பார்த்தான். நேற்றைய அளவுதான். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை பார்த்தான். பிறகு நோட்டில் எழுதினான்.

உப்பு: சரி. சூடு: சரி. வாய்: மூடியுள்ளது.

இருபத்தைந்து நாளும் கடைசி வரி அதுவேதான்.

புதுச்சத்திரத்தில் கடல் மீன் வளர்க்கிறவன் என்று அவன் வேலை பார்க்கும் கோழிக்குஞ்சு ஹேச்சரியில் பெயர். கூட வேலை செய்கிற ஜீவானந்தம் விடமாட்டான்.

"ஏப்பா, பகலெல்லாம் கோழி முட்டை பொரிக்கறது பத்தாதுன்னு, ஊட்டுக்குப் போயி மீனு முட்டைக்கும் அடை வெக்கறயா?"

கேலியில் பாதி உண்மை. முதல் தடவை வந்த முட்டைகளைக் கவின் கோழிக் கணக்கில்தான் கெடுத்தான். இருபத்தோராம் நாள் குஞ்சு வெளியே வந்தாக வேண்டும் என்பது ஹேச்சரியில் அவன் உடம்பில் ஊறிப்போன கணக்கு. மீன் வாயைத் திறக்கவில்லை என்றதும், வலையால் அள்ளி அதைத் தனித்தொட்டிக்கு மாற்றப் பார்த்தான். மிரண்ட மீன் வாயில் இருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டது.

மனைவி தனப்பிரியா அன்று முழுக்க அழுதாள்.

"எங்கண்ணு பட்டதுதானுங்க மாமா. நாந்தான் பொழுதன்னைக்கும் பாத்துட்டே நின்னேன்."

தப்பு தன் வலையில் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம்.

கல்யாணமாகி ஆறு வருடம். போன வருடம் ஈரோட்டில் இருவரும் பரிசோதனை செய்துகொண்டார்கள். முடிவை வாங்க அவன் மட்டும் போனான். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்குத்தான். மருந்தால் ஆகிற குறையும் இல்லையாம். வீட்டுக்கு வந்து, ரெண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள் என்றான். காகிதத்தை மடித்து, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள் வைத்தான்.

வருகிற புதன்கிழமை அவள் தம்பி மணிமாறனுக்குக் கல்யாணம். இணைச்சீர் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்ய வேண்டியது. பிள்ளை பெற்றவள் கையால் நடக்கட்டும் என்று அவள் பெரியம்மா பெருமாயி ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். தனப்பிரியாவுக்குப் பதிலாகச் சித்தி மகளுக்குச் சீர்ப் புடவையும் எடுத்தாகிவிட்டது.

மீன் வாயைத் திறக்கிற அன்று தானும் சொல்லிவிடுவது என்று கவின் முடிவு செய்திருந்தான். ஒரே ஒரு வாக்கியம். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் போதும், அவள் தலை நிமிர்ந்து மணவறைக்குப் போகலாம். அந்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்றுகூட நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தான்.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். சமையலறையில் அவள் தன் அம்மாவிடம் போனில் பேசுவது கேட்டது.

"அவியள ஒண்ணும் பேசாதீங்கம்மா. குறை எனக்குத்தான். டாக்டரு எழுதியே குடுத்திருக்கறாரு, நானே படிச்சுப் பாத்தேன். சீரு அவளே செய்யட்டும், உடுங்க."

கவின் நோட்டை மூடினான்.

எந்த டாக்டரும் அவளுக்கு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் படித்திருக்கக்கூடிய காகிதம் ஒன்றே ஒன்றுதான். தை மாதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

தையிலிருந்து ஆவணி. விரல் விட்டு எண்ணினான். எட்டு மாதம்.

அன்று திரும்பி வந்த அவள் இன்சூரன்ஸ் தாளை மேசைமேல் வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகுதான், எங்கோ பார்த்தபடி கேட்டாள்: "தகப்பன் சுமக்கற மீனு ஒண்ணு இருக்குதாமாங்க மாமா. வாங்கலாங்களா?"

மீன் வாயைத் திறந்தது.

முதலில் ஒன்று வந்தது. பிறகு இரண்டு மூன்றாக. அரிசி நீளம்தான் ஒவ்வொன்றும். அத்தனை சிறிய உடம்பிலும் தகப்பனின் அதே மூன்று பட்டை. பத்து, பதினைந்து, அதற்கு மேல் அவனால் எண்ண முடியவில்லை.

உடனே அள்ளித் தனித்தொட்டியில் விட வேண்டும். இத்தனை நாள் பட்டினி கிடந்த மீனுக்கு எது குஞ்சு, எது இரை என்று தெரியாது.

"வாயத் தொறந்துச்சுங்களா மாமா?"

தனப்பிரியா வாசற்படியில் நின்றிருந்தாள்.

அவன் திரும்பி, தொட்டியை முதுகால் மறைத்துக்கொண்டான்.

"இன்னும் இல்ல சாமி."

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு அப்பால், கண்ணாடியை.

"செரிங்க" என்றாள். "காப்பி ஆறுது, வாங்க."

தொட்டிக்குள் தண்ணீர் சளக்கென்று அடித்தது.

கவின் திரும்பிப் பார்க்காமல் அவள் பின்னால் போனான்.